வெளிப்பக்கம் திறக்கும் கதவு

மார்ச் 4

என் மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் எழுதவில்லை. நீயும் பேத்தியும் நன்றாக இருந்தால் அதுவே போதும்.

போன வாரம் உன் வீட்டுக்காரன், இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது என்று நீ போன வருஷமே சொல்லிவிட்டாய், என் பிள்ளை, கையில் மாவுக்கட்டோடு வீடு வந்து சேர்ந்தான். என்னடா என்றால், "படியில வழுக்கிட்டேன்" என்றான். படியில் வழுக்கினவன் மறுநாள் காலையிலேயே வக்கீலைப் பார்க்கப் போவானா? விடாமல் கேட்டேன். அப்புறம்தான், "உங்க அருமை மருமக அடிச்சிட்டா, போதுமா" என்று வாயிலிருந்து வந்தது.

போனில் கேட்கலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். மரம் அறுக்கும் மெஷின் பக்கத்திலேயே காலத்தைக் கழித்ததில் அது எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது. அதனால் எழுத்தில் கேட்கிறேன். அடித்தாயா? அடித்திருந்தால் எதற்காக? அவன் என் பிள்ளை, நீ என் மருமகள். நீங்கள் இரண்டு பேரும் பிரிந்து போனதற்காக நான் யாரையும் பிரிந்து போகவில்லை. சுற்றி வளைக்காமல் நேராக எழுது.

மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

அடித்தேன். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், மிச்சத்தை நிதானமாக எழுதலாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எனக்கு பஸ் ஸ்டியரிங்கிலிருந்து விடுதலை. முன்னறை மேஜையில் போர்வையை மடித்துப் போட்டு, மறுநாளுக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். குட்டி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மணி அடித்தது. எதிர்வீட்டு டீச்சரம்மா என்று நினைத்து அவளே ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

உங்கள் பிள்ளை அதற்கு முன்பும் வந்திருக்கிறார். ஒரு தடவை தெருவில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார். இன்னொரு தடவை பூந்தொட்டிகளை உதைத்து உடைத்தார். இரண்டு தடவையும் நான் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, குட்டியின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு எழுதினால் சாப்பாடு இறங்காது என்று எழுதவில்லை.

இந்தத் தடவை உள்ளே வந்துவிட்டார். இடது கையால் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் கதவை இழுத்து மூடித் தாழ்ப்பாளைப் போடப் பார்த்தார். மழைக்கு மரம் ஊதியிருந்ததால் அது சரியாகப் பொருந்தவில்லை. இழுத்துக்கொண்டே, "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியாம இந்தக் கதவு திறக்காது. நீ எவ்வளவு கத்தினாலும் ஒருத்தனும் உள்ள வர முடியாது" என்றார். அவர் கத்தவில்லை மாமா. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். குட்டி, "அப்பா, கை வலிக்குது" என்று மெதுவாகச் சொன்னாள்.

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கினேன். கதவின் கைப்பிடியில் இருந்த அந்தக் கையில் ஒரே அடி. சூடான பக்கம் படாமல் பின்பக்கத்தால்தான் அடித்தேன். அந்த நேரத்திலும் பிளக்கைப் பிடுங்கினாயா என்று நீங்கள் சிரிப்பீர்கள். எஞ்சினை அணைக்காமல் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கைக்குப் பழகிப்போயிற்று, என்ன செய்ய.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இரண்டாவது அடி அடிக்கவில்லை. அடிக்க அவசியமும் இல்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் நானே போன் செய்தேன்.

இதில் எனக்கு வருத்தம் கிடையாது. டெப்போவில் எனக்கு 'இஸ்திரி அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் முறைக்கிறேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஒன்றுக்குத்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் வந்து மாட்டிக்கொடுத்த கதவை எடுத்துவிட்டேன். பெட்டி இடித்ததில் நிலை பிளந்துவிட்டது. அதைப் பார்த்தாலே குட்டி அழுதாள். ஆளை வரவழைத்து நிலையோடு புதிதாகப் போட்டாகிவிட்டது. பழைய மரத்தை வேலைக்கு வந்தவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 19

மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். காதல் கடிதம் வந்த காலத்தில்கூட இப்படி ஒளிந்து படித்ததில்லை.

இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் அந்தக் கோபம் இடம் மாறிவிட்டது. அவன் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, "குழந்தை கையையாடா புடிச்ச?" என்று கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். வலது கை கட்டில் இருப்பதால் நான்தான் பிசைந்து கொடுக்கிறேன். மறுபடி பிசைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பெற்ற வயிறு என்று பெண்களுக்குச் சொல்வார்கள். அப்பனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீ சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், பொறுமையாகப் படி. 'தெரியாமல் கை பட்டுவிட்டது' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உன்மேல் போட்டிருக்கிற கேஸை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறான். ஒரே ஒரு வரி. வீட்டு விஷயம் வீட்டோடு போகும். கோர்ட்டு வாசலில் நீங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நிற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கதவு போனால் போகட்டும். தெரு முழுக்க 'தியேட்டர் கதவு, தியேட்டர் கதவு' என்று கேலி செய்தார்கள் அல்லவா, இனிமேல் அவர்களுக்கு நிம்மதி.

மாமா


மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்டு நான் இல்லை என்று சொன்னது கிடையாது. இதற்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாமல் என் கை படவில்லை. தெரிந்துதான் அடித்தேன். எதை அடிக்கிறேன், எந்தப் பக்கத்தால் அடிக்கிறேன், எதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று எல்லாமே தெரிந்துதான் அடித்தேன். தெரியாமல் பட்டது என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த தடவை அவர் வரும்போது அந்த வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். குட்டிக்கும் ஒரு நாள் படிக்க வரும். அவள் அம்மா வீட்டு வாசலில் என்ன செய்தாள் என்று அவள் சரியாகவே தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் நிலைமை கொஞ்சம் மோசம். உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை. வக்கீலம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "உன் வீட்டுக்குள்ள வந்து உன்னையோ குழந்தையையோ மிரட்டினா, நீ கை ஓங்கலாம். ஆனா ஆபத்து இருக்கிற வரைக்கும்தான், தேவையான அளவுக்குத்தான். அவர் கிளம்பிப் போறப்ப அடிச்சிருந்தா அது பழி தீர்த்தது ஆயிடும்." எல்லாம் அந்த ஒரு விஷயத்தில் வந்து நிற்கிறது. அவர் போய்க்கொண்டிருந்தாரா, எங்களை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாரா?

உங்கள் பிள்ளை மனுவில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'வாக்குவாதம் வேண்டாமென்று கிளம்பினேன். வெளியே போவதற்காகக் கதவை உள்பக்கமாக இழுத்தபோது பின்னாலிருந்து அடித்தாள்' என்று. பிளக்கைப் பிடுங்கியதையும் விடவில்லை. யோசிக்க நேரம் இருந்திருக்கிறது, நிதானமாகத் திட்டம் போட்டு அடித்திருக்கிறாள் என்கிறார்கள். என் ஒழுங்கே எனக்கு எமனாகிவிட்டது.

கோர்ட்டிலிருந்து ஒருவர் வந்து கதவைப் பார்த்தார். புதுக் கதவு ஊர்க் கதவுகள் மாதிரி உள்பக்கம்தான் திறக்கிறது. உள்ளே இருக்கிறவர் இழுத்தால் திறக்கும். பழைய கதவு வெளிப்பக்கம் திறக்கும், உள்ளே இருந்து இழுத்தால் மூடிக்கொள்ளும் என்று சொன்னேன். "எந்த வீட்லம்மா தெருக்கதவு வெளிய திறக்கும்?" என்று சிரித்தார். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டேன். வருஷக்கணக்காக அந்தக் கதவைக் கேலி செய்தவர். "எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லம்மா, கோர்ட்டுக்கெல்லாம் நான் வந்து பழக்கமில்ல" என்று உள்ளே போய்விட்டார். கதவை மாற்ற வந்தவரையும் தேடினேன். வேலை தேடி வெளியூர் போய்விட்டாராம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

தீர்ப்பு எனக்கு எதிராக வந்தால் டெப்போவில் என்னை வண்டி எடுக்க விட மாட்டார்கள். குட்டியை அவரிடம் கொடுக்கச் சொல்லி அடுத்த கேஸும் தயாராக இருக்கிறது. இரவில் அவள் என் புடவை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள். அவளைப் பிரிந்து இருக்க என்னால் முடியாது மாமா. அதை நினைத்தால் மட்டும் என் வீராப்பெல்லாம் போய்விடுகிறது.

இதையெல்லாம் உங்களிடம் எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள், எழுதினேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 6

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. இன்று முடிகிறது.

அவனைக் கேட்டேன். மனுவின் நகலை அவன் மேஜையிலிருந்து எடுத்து அவன் எதிரிலேயே படித்துவிட்டுத்தான் கேட்டேன், திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. "ஏன்டா, அந்தக் கதவ இழுத்தா திறக்குமா?" அவன் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "உங்களுக்குத்தான் காது கேக்காதே. இதையும் கேக்காத மாதிரியே இருந்துடுங்கப்பா" என்றான். அதை மட்டும் நன்றாகக் கேட்கும்படி சொன்னான்.

அந்தக் கதவை நான் ஏன் அப்படி மாட்டினேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. கேலி செய்தீர்கள், நானும் சிரித்துக்கொண்டேன். நான் தச்சு வேலை செய்ததெல்லாம் சினிமா தியேட்டர்களில். ஒரு தியேட்டரில் படம் ஓடும்போது புகை வந்தது. சின்னப் புகைதான். ஆனால் ஜனங்கள் மொத்தமாகக் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. முன்னால் நின்றவர்கள் இழுக்கப் பார்க்கிறார்கள், பின்னால் வருகிறவர்கள் தள்ளுகிறார்கள், கதவு எப்படித் திறக்கும்? நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை அப்போது கேட்டேன், காது போன பிறகும் அது போகவில்லை. அதற்கப்புறம் என் கையால் மாட்டின கதவு ஒவ்வொன்றும் வெளியேதான் திறக்கும். உள்ளே இருக்கிறவர்கள் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். என் பேத்தி இருக்கும் வீட்டுக்கு வேறு மாதிரி மாட்டுவேனா?

அதைத்தான் அவன் உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் அந்தக் கதவைத் தூக்கிப் பிடித்து எனக்கு உதவி செய்தவன். கீல் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாதா? அவன் வக்கீலுக்கு வேண்டுமானால் தெரியாது.

என் விலாசத்தை உன் வக்கீலம்மாவிடம் கொடு. நான் வருகிறேன்.

மாமா


ஏப்ரல் 13

அன்புள்ள மாமாவுக்கு,

வராதீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் பிள்ளைக்கு எதிராக உங்களைக் கூண்டில் ஏற்றி ஜெயிப்பது எனக்கு அழகா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நல்ல மருமகளாக இருந்தால் வராதீர்கள் என்றுதான் எழுத வேண்டும்.

குட்டி பக்கத்தில் தூங்குகிறாள். வாருங்கள் மாமா.

மருமகள்


மே 9

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று உங்களிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. தீர்ப்பை வாசித்து முடிப்பதற்குள் நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சது, நீ போகலாம்" என்று சொன்னபோது நான் உங்களைத்தான் தேடினேன்.

உங்களை அப்படி நான் பார்த்ததே இல்லை. உங்களுக்குக் கேட்காது என்று எழுத்தர் ஒவ்வொரு கேள்வியையும் அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினார். நீங்கள் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு படித்து, அந்தக் கூடமே அதிரும்படி பதில் சொன்னீர்கள். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் டெப்போ ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். 'உங்கள் மகன் பொய் சொல்கிறார் என்கிறீர்களா?' என்று ஓர் அட்டை வந்தது. நீங்கள் அதை இரண்டு தடவை படித்தீர்கள். "ஆமாங்க. பொய் சொல்றான். அவன் எம் புள்ள, அவனுக்குப் பொய் சொல்ல வரும்னு எனக்குத் தெரியாது. அந்தக் கதவ நாந்தான் மாட்டினேன். உள்ள இருந்து இழுத்தா அது மூடும். அவன் போகல. அவங்கள உள்ள வச்சு அடைச்சான்" என்றீர்கள்.

பிறகு யாரும் கேட்காமலேயே ஒன்று சொன்னீர்கள். "எம் மருமக ஒரு அடிதான் அடிச்சா. நான் அங்க இருந்திருந்தா கணக்கு பார்த்திருக்க மாட்டேன்." நீதிபதி உங்களைப் பேசாதிருக்கச் சொன்னார். உங்களுக்கு அது கேட்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என் அப்பா உயிரோடு இருந்து எனக்காகப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கர்வமாக இருந்திருக்காது.

இன்று காலை டெப்போவில் எப்போதும்போல என் வண்டியின் சாவியைக் கொடுத்தார்கள். முதல் டிரிப்பில் ஏறின ஒரு பெரியம்மா, "நீதானா அது?" என்று கேட்டுவிட்டு எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். இறங்குகிற வரைக்கும் எனக்குக் காவல் இருப்பது போலத்தான் உட்கார்ந்திருந்தார்.

இனிமேல் நீங்கள் எப்படி அந்த வீட்டில் இருப்பீர்கள்? இங்கே வந்துவிடுங்கள். பின்னறையைக் காலி செய்து ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வரும். குட்டி ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், தாத்தா வருகிறார் என்று. எந்த பஸ் என்று எழுதுங்கள், முடிந்தால் அந்த பஸ்ஸை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மருமகள்


மே 20

என் மருமகளுக்கு,

பின்னறைக் கட்டிலைப் படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். குட்டியின் கன்னத்தில் தாத்தாவுக்காக ஒரு முத்தம் கொடு. நான் வர மாட்டேன் என்பதை நீயே அவளிடம் சொல். எனக்குச் சொல்ல வராது.

கோர்ட்டில் நான் சாட்சி. வீட்டுக்கு வந்தால் அவனுக்கு அப்பன். அன்று வெளியே வந்து அவன் பையை நான்தான் வாங்கிக்கொண்டேன், அவனால் அந்த அடிபட்ட கையில் இன்னும் கனமாக எதையும் தூக்க முடியவில்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டான். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுகிறான். அது போதும். ஊரில் அவனிடம் பேச ஆள் கிடையாது, நானும் கிளம்பி வந்துவிட்டால் அவன் என்ன ஆவான்? உண்மையைச் சொன்னதற்காக அவனைக் கைவிட முடியாது. அவனைக் கைவிட முடியாது என்பதற்காக உண்மையைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

உன்னைப் பற்றி ஒன்று எழுத வேண்டும், இதற்கு முன்னால் எழுதினதில்லை. இந்த வீட்டுக்கு நீ மருமகளாக வந்த அன்று, பஸ் ஓட்டுகிற பெண்ணா என்று சொந்தக்காரர்கள் வாயைக் கோணினார்கள். நானும் உள்ளுக்குள் கொஞ்சம் கோணினேன். இப்போது கடைவீதியில் யாராவது, "உங்க மருமகதானே அது?" என்று காதருகே வந்து கத்தினால், அதுவும் கேட்காத மாதிரி நடித்து இன்னொரு தடவை கேட்க வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை ஆணையாக எடுத்துக்கொள். எனக்கு வயதாகிறது. அவன் ஒரு நாள் என்னிடம் பேசுவான். பேசினால் நான் உருகிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், நீங்கள் கூட வாருங்கள் என்று கேட்பான். நானும் கிளம்பி வந்து, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் வாசலில் நிற்பேன். அன்றைக்கு நான் என்ன சொன்னாலும் நம்பாதே. மாமா நிற்கிறாரே என்று பார்க்காதே. எனக்கும் சேர்த்துத் தாழ் போடு.

மாமா


மே 29

அன்புள்ள மாமாவுக்கு,

குட்டியிடம் சொல்லிவிட்டேன். கட்டிலை எடுக்க விட மாட்டேன் என்று அதில் ஏறிப் படுத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. சரி என்று எழுதினால் உங்களை வாசலில் நிற்க வைத்த பாவம். மாட்டேன் என்று எழுதினால், இவ்வளவு தூரம் வந்து நீங்கள் கூண்டில் நின்றதற்கு அர்த்தமே இல்லை.

தனியாக வந்தால், நீங்கள் படி ஏறுவதற்குள் திறந்து வைத்திருப்பேன். அவரோடு வந்தால் திறக்க மாட்டேன் மாமா. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, நீங்கள் திரும்பித் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். அழுதுகொண்டேதான் நிற்பேன். ஆனால் திறக்க மாட்டேன்.

உங்கள் மருமகள்